கடையக்காவின் பெயர்

பதுளை பஸாரில் நப்லாவைக் காண்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, எப்போது டீவீயில் செய்தி வாசிக்கப் போகிறாய் என்பதுதான். ஊடகத்துறையில் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்றால் ஊருக்கு விளங்குவது அவ்வளவுதான். கிழமை நாட்களில் பாடசாலையில் படிப்பித்துவிட்டு, வார இறுதியில் கொழும்புக்கு பஸ் ஏறி வகுப்புக்குப் போய், மலை வளைவுகளில் திரும்பி வருகிறவள் அதற்குச் சிரித்துவைப்பாள். உண்மையைச் சொன்னால் இன்னும் சிக்கல். அவள் ஆய்வு செய்துகொண்டிருந்தது மௌத்து அறிவித்தல்களை, ஊரில் ஒருவர் இறந்தால் வெளியாகிறவற்றை.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்லும் மோதினார் வாசிப்பவை, வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுபவை என்று இரண்டையும் சேர்த்துவந்தாள். ஆண் இறந்தால் முதலில் பெயர் வரும். பெண் இறந்தால் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் மாமியார். அவள் சேர்த்தவற்றில் பலவற்றில் இறந்தவளின் பெயரே கிடையாது. உறவுக்காரர் எல்லோரும் வரிசையில் நிற்க, போனவளை மட்டும் காணோம். கொழும்பில் இதை அவள் தயங்கித் தயங்கி வாசித்தபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள் என்றார் மேற்பார்வையாளர்.

ஊரில் அதை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் ஸுபைரா மாமி. நப்லாவின் வாப்பா வாஹிதுக்கு மூத்த சகோதரி. கணவர் மொஹிதீன் மௌத்தான பிறகும் 'மொஹிதீன் ஸ்டோர்ஸ்' என்ற பலகையை மாற்றாமல், முன்னால் துணி விற்று, பின்னால் தையல் மெஷினில் இருந்து தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தவள். பசறைப் பக்கத்திலிருந்தும் வெலிமடைப் பக்கத்திலிருந்தும் அவளைத் தேடி வருவார்கள். எல்லோருக்கும் அவள் கடையக்கா. நப்லா தன் ஆய்வை விளக்கியபோது மாமி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ட பேரை ஆரும் கூப்பிட்டு எவ்வளவு காலம். நான் மௌத்தானா நீயே எழுது மகள். பேரைப் போட்டு எழுது."

விளையாட்டாகச் சொன்னதா, மெய்யாகச் சொன்னதா என்று நப்லா கேட்கவில்லை. சரி என்றாள்.

கார்த்திகை மழை பிடித்த ஒரு புதன்கிழமை காலையில், தைத்துக்கொண்டிருந்த மாமி மெஷின் மீதே சாய்ந்துவிட்டாள். அன்று மாலை அசர் தொழுகையோடு அடக்கம் என்று முடிவானது. வாப்பா கூடத்து மூலையில் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீதானே இதெல்லாம் படிக்கிறாய், அறிவித்தலை நீ எழுது என்றார்.

நப்லா எழுதினாள். பதுளையைச் சேர்ந்த ஸுபைரா காலமானார், தையற்கலையில் தேர்ந்தவர், இன்ன வீதியிலுள்ள இல்லத்திலிருந்து ஜனாஸா எடுத்துச் செல்லப்படும். மனைவி என்றும் இல்லை, கடை என்றும் இல்லை. அழுகைக்கு நடுவிலும் அந்தப் பெயர் தனியாக, தன் காலில் நிற்பதைப் பார்க்க அவளுக்கு ஒரு நிறைவு இருந்தது.

வாப்பா வாசித்துப் பார்த்தார். "மொஹிதீன் கடை என்டு ஒரு சொல்லுப் போடு மகள். ஆக்களுக்கு வெளங்காது."

"மாமி ஒரு கடை இல்ல வாப்பா."

அவருக்கு வாதாடத் தெம்பில்லை. மோதினார் அதை அப்படியே வாசித்தார். குழுக்களிலும் அப்படியே போனது. சொந்தக்காரர்கள் வந்தார்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் வந்தார்கள், பள்ளிவாசல் நிறைந்தது. முகம் பார்க்க வந்த பெண்களில் தோட்டத்து ஆட்கள் ஒருவர்கூட இல்லை என்பது நப்லாவுக்கு அப்போது உறைக்கவில்லை. மழை, வேலைநாள் என்று மனம் தானாகவே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டது.

அடுத்த வாரம் அவள் கொழும்புக்குப் போகவில்லை. சனிக்கிழமை கடையைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். பத்து மணிபோல ஒரு பெண், பையில் மடித்த துணியோடு, குடையை உதறிக்கொண்டு ஏறினாள். பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிறவள். சிறுவயதிலிருந்தே நப்லாவுக்கு அந்த முகம் தெரியும். தீபாவளி, கிறிஸ்மஸ் எது வந்தாலும் லயத்து வரிசை வீட்டுப் பெண்களின் துணிகளைச் சேர்த்துக்கொண்டு வருவாள். வந்தால் மத்தியானம்வரை மாமியோடு கதைத்துவிட்டுத்தான் போவாள்.

"அக்கா உள்ளாற தொழுவுறாங்களா பாப்பா? மெதுவா வரட்டும். போன வருசம் மாதிரி கழுத்த எறக்க வேணாம்னு சொல்லணும். ஃபாதர் பூசைய விட்டுட்டு எங்களயே மொறைக்கிறாரு."

நப்லாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அந்தப் பெண்ணின் சிரிப்பு அடங்கியது. மாமி மௌத்தாகிவிட்டதை நப்லா சொன்னாள்.

அந்தப் பெண் முக்காலியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் மடியிலிருந்த துணியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மருமக போன்ல வந்துச்சு பாப்பா. வாசிச்சுக் காட்டுனா. ஸுபைரான்னு யாரோ. யாரு பெத்த மகராசியோ, பாவம்னு சொல்லிட்டு மலைக்கிப் போயிட்டேன். அன்னிக்கிப் பூராவும் கொழுந்து எடுத்தேன்."

எழுதியது தான்தான் என்று நப்லா சொன்னாள். ஏன் அப்படி எழுதினாள் என்பதையும், மாமி கேட்டதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, கொழும்பில் அவ்வளவு உறுதியாக நின்ற அவளுடைய வாதம் இந்தக் கடைக்குள் வந்ததும் கூசிக்கொண்டு நின்றது. அறிவித்தலில் யார் பெயர் இருக்கிறது என்று எண்ணியவள், அது யார் காதுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எண்ணியிருக்கவில்லை. வாப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. அதற்காக மாமியின் ஆசை பொய்யாகிவிடவும் இல்லை.

"ஒங்கட பேர் என்ன ஆன்ட்டி?" கேட்கும்போதே நப்லாவுக்கு வெட்கமாக இருந்தது.

"பிரான்சிஸ்கா. அக்கா என்னையப் பசறைன்னுதான் கூப்புடுவாங்க. என்னா பசறை, மழையான்னு கேப்பாங்க." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "மொகத்தப் பாக்கல. பொதச்ச எடத்தயாவது காட்டு பாப்பா."

கடையை இழுத்துப் பூட்டிவிட்டு இருவரும் மையவாடிக்கு நடந்தார்கள். கேட் அருகே வந்ததும் நப்லா நின்றுவிட்டாள். இங்கே பெண்கள் உள்ளே போகிற வழக்கமில்லை. எந்தக் கபுர் என்று அவளுக்கும் தெரியாது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம், நனைந்த செம்மண்ணில் புதிதாக இரண்டு மூன்று மேடுகள் தெரிந்தன. மேடுகளில் நட்டிருந்த பலகைகளில் என்ன எழுதியிருக்கிறது என்பது அங்கிருந்து தெரியவில்லை.

பிரான்சிஸ்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு பொதுவாக எல்லா மேடுகளையும் பார்த்தாள். ஜெபம் சொல்லலாமா என்று தயங்கிக் கேட்டாள். சொல்லுங்கள், நீங்கள் கூப்பிட்ட பெயரிலேயே சொல்லுங்கள் என்றாள் நப்லா. அந்த அளவுக்காவது பிழையைத் திருத்தலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பிரான்சிஸ்கா தலையை ஆட்டி மறுத்தாள்.

"கடையக்கான்னா நம்ம ஆளுகளுக்குத்தானே தெரியும். மேல யாருக்குப் பாப்பா தெரியும்? அவுங்க பேரச் சொல்லு."

நப்லா சொன்னாள். வகுப்பில் சொன்னதைவிட, அறிவித்தலில் எழுதியதைவிட மெதுவாகச் சொன்னாள். பிரான்சிஸ்கா அதை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, குடையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.