அக்காவுக்குத் தெரிந்ததும், அக்கா நம்பியதும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருக்கான பூசையில் கலந்துகொண்டு இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய தங்கையாகிய நான் எழுதுகிறேன். அக்காவைப் பற்றி எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாலும் "அப்படியா, உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறவர் அவர். ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதப் பார்க்கிறேன்.

குமரிக் கடற்கரையிலுள்ள இனயத்தில், கடல்தொழில் செய்த கத்தோலிக்கக் குடும்பத்தில் அக்கா மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா வள்ளத்தில் போவார். அம்மா மீனைக் கருங்கல் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பார். அக்காவுக்குப் பின் நான், எனக்குப் பின் தம்பி. கோயிலில் மறைக்கல்வி வகுப்பு நடக்கும்போது அக்கா கேட்கும் கேள்விகளைத் தாங்க முடியாமல் ஆசிரியை வீட்டுக்கே வந்து அப்பாவிடம் முறையிட்டார். அப்பா வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "எனக்க மவ ஒரு கேள்வி கேட்டதுனால ஆண்டவரு ஒண்ணும் சின்னப்பட்டுப் போவ மாட்டாரு, டீச்சர்" என்றார். தன்னை உருவாக்கியதில் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பங்கு உண்டு என்று அக்கா பிற்காலத்தில் சொல்வதுண்டு.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அக்கா கன்னியர் மடத்தில் சேர்ந்தார். யாரும் வற்புறுத்தவில்லை, அவருக்கே ஆசை. இரண்டாம் ஆண்டில் அவராகவே வெளியே வந்தார். அங்கிருந்த தலைமைச் சகோதரி நல்லவர். "நீ விசுவாசத்தை விட்டுப் போகல பிள்ளே, பதில் தேடிப் போற" என்று சொல்லி அனுப்பினாராம். ஊர் அப்படிச் சொல்லவில்லை. மடத்தை விட்டு ஓடி வந்தவள் என்ற பேச்சு எங்கள் தெருவில் நெடுநாள் இருந்தது. அக்காவுக்கு வந்த வரன்களெல்லாம் அந்தப் பேச்சோடு நின்றுபோயின. அவர் திருவனந்தபுரம் போய்த் தத்துவம் படித்தார். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் ஆசிரியரானார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவருடைய மாணவிகள் பலர் இந்த மலரை வாசிப்பார்கள். நம்பிக்கையும் பகுத்தறிவும் பற்றிய அவருடைய வகுப்பை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒருநாள், அறிவு காட்டாத எதையும் ஏற்கக் கூடாது என்ற கட்சிக்காக வாதாடுவார். அடுத்த நாள், அறிவு வாசல்வரைதான் கொண்டுவிடும், உள்ளே போக நம்பிக்கை வேண்டும் என்ற கட்சிக்காக அதே வேகத்தில் வாதாடுவார். அவர் எந்தப் பக்கம் என்று யாருக்கும் பிடிபடாது. சுசீந்திரத்திலிருந்து வந்த ஒரு மாணவி பொறுக்க முடியாமல், "மேடம், ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறீங்க. திங்கக்கிழமை வந்து கடவுளை நிரூபிக்க முடியாதுன்னு சொல்றீங்க. எது உண்மை?" என்று கேட்டாராம். "ரெண்டும் உண்மைதான். நிரூபிச்சிட்டா அப்புறம் நம்புறதுக்கு என்ன இருக்கு? ஆனா ஒண்ணு, தெரிஞ்சதைத் தெரியும்னு சொல்லணும், நம்புறதை நம்புறேன்னு சொல்லணும். மாத்திச் சொன்னா ரெண்டும் கெட்டுப்போகும்" என்றார் அக்கா. அந்த மாணவியே இப்போது ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறார். அவர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

வகுப்பில் இதைச் சொல்வது ஒரு காரியம். வீட்டில் சொல்லவேண்டி வந்த நாட்களை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அப்பா காலமான சில ஆண்டுகளில், ஒரு புயலில் தம்பி போன விசைப்படகு திரும்பவில்லை. நான் அப்போது குவைத்தில் செவிலியராக இருந்தேன். செய்தி கேட்டு விடுப்பெடுத்து வந்தபோது வீடு நிறைய ஆட்கள். அம்மா மாதா படத்தின் முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. தம்பி மனைவி கைக்குழந்தையோடு மூலையில் இருந்தாள். கரை சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தம்பி வரவில்லை.

அந்த நேரத்தில் வெளியூரிலிருந்து ஒரு செபக்காரர் வந்தார். கண்ணை மூடிச் செபித்துவிட்டு, தம்பி ஒரு தீவில் உயிரோடு இருப்பதாகத் தனக்குக் காட்சி கிடைத்தது என்றார். அம்மா அவருடைய காலைப் பிடித்துக்கொண்டார். அக்கா அருகில் போய், சத்தம் உயர்த்தாமல் கேட்டார்.

"எந்தத் தீவு, ஐயா?"

"அதை ஆண்டவர் எனக்குக் காட்டல்ல."

"அவரு காட்டாததை நீங்க எதுக்குச் சொல்லுதிய?"

செபக்காரர் எழுந்து போய்விட்டார். அம்மா அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்க மாட்டேன்.

தம்பியோடு அதே படகில் போன ஒருவர், கவிழ்ந்த படகின் பலகையைப் பிடித்து மிதந்து, ஒரு கப்பலால் காப்பாற்றப்பட்டு வந்திருந்தார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். எங்கள் வீட்டுப் பக்கம் வர அவருக்குத் துணிவில்லை. அக்கா அவரைத் தேடிப் போனார், நானும் உடன் போனேன். தம்பியும் அவரும் ஒரே பலகையைத்தான் பிடித்திருந்தார்களாம். கை தளர்ந்து தம்பி போனதைத் தன் கண்ணால் கண்டதாக அவர் சொன்னார். பேருந்தில் திரும்பி வரும்போது அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதபடியே வந்தார். வீட்டு வாசலில் முகத்தைக் கழுவிவிட்டு அம்மாவிடம் போனார்.

"அம்மா, தம்பி போயிட்டான். கூட இருந்தவன் கண்டிருக்கான்."

"அவனுக்குத் தெரியாது. ஆண்டவருக்கு முடியாதது உண்டா?"

"முடியாதுன்னு நான் சொல்லல்ல அம்மா. நடந்ததைச் சொல்லுதேன்."

"இதுக்குத்தான் உன்னைப் படிக்க வச்சேனா? நீ விசுவாசம் இல்லாதவ. எனக்க முன்னால நிக்காத, போ."

அம்மா அதன்பின் அக்காவோடு பேசவில்லை. அக்கா வைத்த சோற்றைத் தொடவும் இல்லை. நான் பரிமாறினால் மட்டும் சாப்பிட்டார். அக்கா கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அம்மாவின் கண்ணில் படாமல் அடுக்களையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில்தான் அக்காவுடன் பணியாற்றிய கணிதப் பேராசிரியர் துக்கம் விசாரிக்க வந்தார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர், அக்காமீது மிகுந்த மரியாதை உள்ளவர். உள்ளே பெண்கள் செபமாலை சொல்வதைக் கேட்டு, "இனியாவது இவங்களுக்குப் புரியுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "அவங்க கணக்குப் போடல சார், தொலைஞ்ச பிள்ளையைக் கூப்பிடுறாங்க. அதுல தப்புக் கண்டுபிடிக்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய், அம்மாவுக்குத் தெரியாமல் பின்வரிசையில் முழந்தாளிட்டு மற்றவர்களோடு சேர்ந்து சொன்னார். பேராசிரியர் முற்றத்தில் அது முடியும்வரை நின்றிருந்தார்.

தப்பி வந்தவர் நடக்கத் தேறியதும் அவராகவே வீட்டுக்கு வந்தார். அம்மா அவரை உட்காரச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு, "மக்களே, கடைசியா அவன் செபம் சொன்னானா?" என்றார்.

அவர் அக்காவைப் பார்த்தார். "ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாவுக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் இருந்த எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

"உள்ளதைச் சொல்லு" என்றார் அக்கா.

"இல்லம்மா" என்றார் அவர். "செபம் ஒண்ணும் சொல்லல்ல. பசிக்குது, பசிக்குதுன்னு சொல்லிக்கிட்டே கெடந்தான். நீங்க வைக்கிற சாளை மீன் புளிமுளக் குழம்பைப் பத்தித்தான் பேச்சு. கரைக்குப் போனதும் முதல்ல எனக்கு அதுதான் வேணும்னான். நானும் வருவேன்னு சொன்னேன். நீ வந்தா எனக்குக் கொறஞ்சு போவும்லேன்னு சொல்லிச் சிரிச்சான்."

அம்மா திடீரென்று சிரித்தார், சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. புயலுக்குப் பின் அவர் வாய்விட்டு அழுதது அன்றுதான்.

"இது எனக்க மவன்தான்" என்றார். "தீவுல இருக்கான்னு அந்த ஆளு சொன்னாரே, அது வேற யாரோ. இதுதான் எனக்க மவன்."

பிறகு அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பங்குத்தந்தையிடம் போய்த் தம்பிக்கு இறந்தோர் பூசைக்குச் சொல்லிவிட்டு வரும்படி கேட்டார். உடல் இல்லாமலே பூசை நடந்தது. அம்மா அன்று சாளை வாங்கிவரச் சொல்லித் தானே சமைத்து, தப்பி வந்தவருக்கு முதலில் பரிமாறினார். தம்பி மனைவி இரண்டு ஆண்டுகளுக்குப்பின் அங்கன்வாடியில் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்காக அலைந்தவர் அக்கா.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அக்காவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. நான் வேலையை விட்டு வந்து உடனிருந்தேன். திருவனந்தபுரத்தில் சிகிச்சை. குணமளிக்கும் கூட்டங்களுக்குக் கூட்டிப்போக உறவினர்கள் அன்போடு அழைத்தார்கள். "செபிக்கிற எல்லாரும் செபிங்க. மருந்தை நிறுத்தச் சொல்லாம இருந்தா போதும்" என்றார் அக்கா. நோயின் கடுமையை வயதான அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று உறவினர்கள் கருதினார்கள். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ நர்சு. உனக்குத் தெரியும். எனக்கிட்ட மறைக்காத. அவ எனக்கிட்ட ஒருநாளும் மறைச்சது கெடையாது" என்றார். சொன்னேன். அம்மா தலையாட்டிவிட்டு அக்காவின் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று அவர்கள் பேசியதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன்.

"பயமா இருக்காடி?"

"இருக்கும்மா."

"ஆண்டவரு அங்க இருப்பாருன்னு உனக்கு உறப்பாத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"பின்ன?"

"இருப்பாருன்னு நினைச்சுத்தான் போறேன். நீ செபமாலையைத் தொடங்கு, நான் கூடச் சொல்லுதேன்."

அக்காவின் கடைசி மாதங்களில் எங்களுக்குத் துணை நின்றவர்களை நன்றியோடு நினைக்கிறோம். வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், வீட்டுக்கே வந்து நற்கருணை தந்த பங்குத்தந்தைக்கும், முறைவைத்து வந்து புத்தகம் வாசித்துக் காட்டிய மாணவிகளுக்கும் எங்கள் நன்றி. செபம் தெரியாது என்று சொல்லிக்கொண்டே வாரந்தோறும் வந்து அக்காவோடு வாதாடி அவரைச் சிரிக்க வைத்த கணிதப் பேராசிரியருக்கும், தம்பியின் இடத்தில் நின்று சவப்பெட்டியைத் தோளில் சுமந்த, புயலில் தப்பி வந்த அவனுடைய தோழருக்கும் இந்தக் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடிவில், அக்கா புன்னகை மாறாத முகத்தோடு இறைவனடி சேர்ந்தார் என்று எழுதியிருந்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "அவ எங்க சிரிச்சா? மூச்சுக்கு எவ்வளவு பாடுபட்டா. பக்கத்துல இருந்தது நான்லா? அதை அடிச்சிட்டு உள்ளதை எழுது" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. மூச்சுக்கு மிகவும் பாடுபட்டார். அம்மாவின் கையைப் பிடித்திருந்தார். இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். அவர் இப்போது ஆண்டவரிடத்தில், தம்பியோடு இருக்கிறார் என்று நம்புகிறோம்.