விதர்லோவுக்கு ஒரு குண்டூசி

போன வருடம் ஒருநாள், புதிதாக வந்த ஆட்களின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தோஹாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எனக்கு ஹெச்.ஆர். வேலை. விசா, மெடிக்கல், லீவு... எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். லீவு கேட்டு வருகிறவர்களிடம் நான் அதிகம் சொல்லும் அரபு வார்த்தை ‘மாஃபி’. இல்லை என்று அர்த்தம். தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் எனக்கு அதுவே பட்டப்பெயர் என்றும் கேள்வி!

பட்டியலில் கம்பி கட்டும் வேலைக்கு வந்த ஒருவர். ஊர் பரமக்குடி பக்கம். பெயர்... விதர்லோ.

தூக்கிவாரிப்போட்டது. விதர்லோ எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் ஆயிற்றே! வெள்ளைக்காரர். அது அவருடைய குடும்பப் பெயர்.

“விசா டைப்பிங் சென்டர்ல மேனேஜர் பேரை மாத்திப் போட்டுட்டாங்க சார். நான் திருத்திடவா?” என்றார் என் அசிஸ்டென்ட்.

பாஸ்போர்ட் நகலைப் பார்த்தேன். அதிலும் விதர்லோ!

சாதாரணப் பெயராக இருந்தால் விட்டிருப்பேன். இது அப்படியல்ல. இங்கிலாந்தில் ஏதோ ஒரு குன்றின் பெயராம் அது. அடிவாரத்தில் இருந்த சின்ன ஊர் எப்போதோ காலியாகிவிட்டது. இப்போது அங்கே ஆடு மேய்கிறது. ஊரைவிட்டுப் போனவர்கள் அந்தப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு போனார்கள்.

மேனேஜரின் கேபின் சுவரில் இங்கிலாந்து மேப் ஒன்று உண்டு. விதர்லோ என்று யார் இருந்தாலும் அங்கே ஒரு குண்டூசி. பழைய டெலிபோன் டைரக்டரி, சர்ச் ரிஜிஸ்டர் எல்லாம் துழாவி, வெள்ளிக்கிழமை தவறாமல் கடிதம் எழுதுவார். இறந்துவிட்டார், வாரிசு இல்லை, கல்யாணமாகிப் பெயர் மாறிவிட்டது... இப்படிப் பதில் வரவர ஊசியைப் பிடுங்குவார். கடைசியில் மிஞ்சியது ஒரே ஊசி. அவருடையது. இரண்டு மகள்களும் கணவர் பெயருக்கு மாறிவிட்டார்கள். “என்னோடு இது முடியக் கூடாது” என்பார். அந்த வியாழக்கிழமை ஓய்வுபெற்று ஊருக்குக் கிளம்புவதாக இருந்தார். அந்த வாரமும் மூன்று கடிதம் போட்டார் — அப்படி ஒரு பிடிவாதம்!

நான் மட்டும் விடுவேனா? அன்று மாலையே தொழில்பேட்டை கேம்ப்புக்கு வண்டியைத் திருப்பினேன். பரமக்குடி விதர்லோ துணி துவைத்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும்.

“தம்பி, இது நெசமாவே உங்க பேருதானா?”

“ஆமா சார். ஊருல வெதரும்பாங்ய. எங்கப்பா சோலைமலை மஸ்கட்டுல, ரூவியில சைட்டு வேலை பாத்தாரு. நான் வயித்துல இருக்கப்ப அம்மாவுக்கு ரொம்ப சீரியஸ். ஃபோர்மேன் லீவு இல்லன்னுட்டாராம். வெதர்லோன்னு ஒரு இஞ்சினியருதான் கையெழுத்துப் போட்டு, தன் வண்டியிலயே ஏர்போர்ட்டுல எறக்கி விட்டாராம். அப்பா வந்து ரத்தம் குடுத்துத்தான் அம்மா பொழைச்சுச்சு. அதான் சார் இந்தப் பேரு.”

“வியாழக்கிழமை காலையில பாஸ்போர்ட்டோட ரெடியா இருங்க” என்றேன்.

வியாழக்கிழமை காலையில் அவரை மேனேஜரின் கேபினுக்கு அழைத்துப் போய்க் கதையைச் சொன்னேன். மேனேஜர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரூவியில் வேலை பார்த்தது நினைவிருந்தது. சோலைமலையை நினைவில்லை. “எத்தனையோ பேருக்கு லீவு கொடுத்திருக்கிறேனே...” என்று தடுமாறினார். கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் ஆராய்ச்சிக்காரர் அல்லவா? அடுத்த கேள்வி வந்தது. “பிள்ளைகள் உண்டா?”

“ஒரு பொண்ணு சார். ஆதிரை.”

மகள் என்றதும் முகம் வாடிவிட்டது. நான் குறுக்கே புகுந்தேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் பின்னால் வரும், மகனோ மகளோ எல்லாம் ஒன்றுதான், நாளை ஆதிரை பாஸ்போர்ட் எடுத்தால் அவள் ஆதிரை விதர்லோ என்று விளக்கினேன்.

“அவளுடைய பிள்ளைக்கு?”

வசமாக மாட்டிக்கொண்டேன். எங்கள் கணக்கில் அப்பா பெயர் ஒரு தலைமுறையோடு சரி. இதை எப்படிச் சொல்வது? தமிழில் முணுமுணுத்தேன். கம்பி கட்டுகிறவர் சிரித்தார்.

“அதுக்கென்ன சார்? பேரப்புள்ளைக்குத் தாத்தா பேருதான வைப்போம்? அவ மகன் விதர்லோ. நான் வச்சே தீருவேன்னு சொல்லுங்க சார்!”

சொன்னேன். மேனேஜர் மேப்பிடம் போனார். இங்கிலாந்து மேப்பில் பரமக்குடிக்கு எங்கே போவது? மேப்பை விட்டு வெளியே, வலது பக்கம் நன்றாகக் கீழே, வெறும் சுவரில் குண்டூசியைக் குத்தினார். வளைந்துவிட்டது. விடவில்லை, இன்னொன்றை எடுத்துக் குத்தினார்.

மேப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போய்விட்டார். அந்த ஊசி இன்னும் சுவரில் இருக்கிறது. பெயின்ட் அடிக்க வந்தவர்களையும் தொட விடவில்லை நான்.

இப்போதெல்லாம் யாராவது லீவு கேட்டு வந்தால், ‘மாஃபி’ சொல்வதற்கு முன் என்ன விஷயம் என்று கேட்கிறேன்.