கேட்டது ஒன்று, விரித்தது நாற்பது

வெள்ளவத்தையில், காலி வீதியோரச் சாறிக் கடையொன்றில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன். நின்றபடியே படித்தவள் நான். பார்சல் சுற்றி வந்த பத்திரிகைத் தாள்தான் என் பள்ளிக்கூடம். வாடிக்கையாளர் வாயிலிருந்து நல்லதாக ஒரு பேச்சு விழுந்தால் பழைய டயரியொன்றில் குறித்து வைப்பேன்.

அந்த டயரிக்கு ஒருநாள் வேலை வந்தது. எங்கள் கடையில் பட்டுப் பக்கம் நிற்பவள் ஹட்டன் தோட்டத்திலிருந்து வந்தவள். பத்தாம் வகுப்பு முடித்து எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் தமிழை இரண்டு முறை எழுதிக் கோட்டை விட்டிருந்தாள். அவள் தங்கியிருந்த பாமன்கடையில், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பாலர் பள்ளி. தமிழ்ப் பரீட்சையில் சித்தி, அதாவது ஒரு பாஸ், மட்டும் இருந்தால் ஆசிரியையாக எடுப்பதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் இந்த வருடத்தோடு சரி, அடுத்த வருடம் வேறு ஆள் பார்ப்பார்களாம்.

“அக்கா, உவமை, உருவகம்னு பாத்தாலே தலை சுத்துதுங்க” என்றாள்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையில் ஈதான் ஓட்டுவோம். டயரியை எடுத்து விரித்தேன்.

“இதைக் கட்டினா நான் உப்பு மூட்டை மாதிரி இருப்பன் எண்டு ஒரு அன்ரி சொன்னவ. இது என்ன?”

“மாதிரின்னு வருதுல்ல, உவமை.”

“என்ர மருமகள் பூட்டின அலுமாரி. இது?”

“மாதிரியே இல்ல. அலுமாரியாவே ஆக்கிட்டாங்க. உருவகம்!”

“விலையைச் சொன்னதும் ஒரு ஐயா எங்கட ஸ்டாண்ட் ஃபேனைக் காட்டி, பாருங்கோ, அதுவே வேண்டாமெண்டு தலையாட்டுது எண்டார்.”

அவள் ஃபேனைப் பார்த்தாள். அது அப்போதும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. தானாக நடப்பதற்கு நாமாக ஒரு காரணத்தை ஏற்றிச் சொன்னால் அது தற்குறிப்பேற்றம் என்பதை அதற்குப் பிறகு அவள் மறக்கவேயில்லை.

அணிகள் ஒரு கிழமையில் முடிந்தன. சிக்கல் இருந்தது கிரகித்தலில், பந்தியை வாசித்து விடை எழுதுவதில். மழையில் நனைந்த வயலைப் பற்றி ஒரு பந்தி கொடுத்தேன். ‘விவசாயி ஏன் மகிழ்ந்தான்?’ இரண்டு புள்ளிக் கேள்வி. வரம்பு உடையவில்லை என்று பந்தியிலேயே இருக்கிறது. அவள் ஒரு முழுப் பக்கம் எழுதினாள். அதில் விவசாயிக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து, மூத்தவளுக்குக் கல்யாணமும் பேசி, கூறைச் சாறியும் எடுத்தாயிற்று.

“எங்கயடி இருக்கு இந்தக் கல்யாணம்?”

“அறுவடை நல்லா வந்தா கல்யாணந்தானேக்கா?”

இரண்டு முறையும் அவள் எங்கே விழுந்தாள் என்று அப்போதுதான் விளங்கியது. கடைசி மூன்று கேள்விக்கு அவளுக்கு நேரமே இருந்திருக்காது. பிழை அவளுடையதல்ல, கடையினுடையது. ஒன்று கேட்டால் நாற்பது விரிப்பதுதான் எங்கள் முதலாளியின் சட்டம். கை சும்மா இருந்தால் கல்லாவிலிருந்து இருமுவார். ஆறு வருடம் அப்படி விரித்த கை பரீட்சைத் தாளில் மட்டும் அடங்குமா? எனக்கும் அதே வியாதி என்பதால் மருந்து தெரியவில்லை.

மருந்து கைப்பையில் வந்தது. ஒரு அன்ரி பிளவுஸ் துண்டொன்றை எடுத்து மேசையில் வைத்து, “இதுக்குச் சேருற சாறி மட்டும் காட்டு பிள்ளை, எனக்கு பஸ் போயிடும்” என்றார். இவள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சாறித் தட்டோரமாக நடந்தாள். வெங்காயச் சருகு நிறத்தில் ஒன்றை உருவினாள். சேர்ந்தது. அன்ரி போய்விட்டார். முதலாளி இருமினார். இவள் மட்டும் அசையாமல் நின்றாள்.

“அக்கா, கேள்விதாங்க பிளவுஸ் துண்டு. பந்திதான் தட்டு.”

“உருவகம்” என்றேன். வேறென்ன சொல்ல!

அன்றிலிருந்து ஒவ்வொரு பந்திக்கும் விரலைக் கேள்வியில் வைத்துவிட்டுத்தான் தேடினாள். விடை ஒரு வரியில் நின்றது. எழுதி முடித்துவிட்டு, மேலும் எழுதாமலிருக்கக் கையை மடியில் வைத்துக்கொள்வாள்.

பரீட்சை முடிந்து நேரே கடைக்கு வந்தாள்.

“எப்படியடி?”

“முடிச்சிட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“பந்தி என்னத்தைப் பற்றி?”

“தேனீ.”

அவ்வளவுதான். எனக்கோ மிச்சமும் கேட்க வேண்டும். தேனீ என்ன செய்தது, எங்கே போனது, ஒன்றும் சொல்லாமல் பட்டுப் பக்கம் போய்விட்டாள்.

பெறுபேறு வந்த அன்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். தமிழுக்கு ‘C’, நல்ல சித்தி. நான் போட்ட சத்தத்தில் முதலாளி இருமவும் மறந்து எழுந்து நின்றார். பிறகு பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடு என்று அலுமாரியிலிருந்து ஒரு டொஃபி பெட்டியை எடுத்து அவளிடம் தந்தார்.

பள்ளியில் வேலை தொடங்குவதற்கு முந்தின வாரம் அவள் கடைக்கு வந்தாள், இந்த முறை மேசைக்கு அந்தப் பக்கம். கையில் நீல பிளவுஸ் துண்டு.

“இதுக்குச் சேருற கொட்டன் சாறி ஒண்ணுங்கக்கா. ஒண்ணு போதும்.”

நான் இருபத்திமூன்று விரித்தேன். அந்தத் தேனீயைப் பற்றி அவள் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை ஒன்றையும் மடிக்கவில்லை.