சாக்குத் தலையன்

என் அப்பாவுக்கு வரிசையில் நிற்கத் தெரியாது. நோர்வேயில், ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் காசு கட்டும் இடத்தில் எங்கள் முறை வருகிற நேரம் பார்த்துத் திரும்பி, பின்னால் நிற்பவரை முன்னே போகச் சொல்லுவார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் இருப்பார், அவருக்கும் வழிவிடுவார். கோயில் அன்னதான வரிசையிலும் இதே கூத்துத்தான். நாங்கள் போய்ச் சேரும்போது சட்டியில் அடிக்குழம்புதான் மிஞ்சியிருக்கும். கூடையில் ஐஸ்கிரீம் உருக உருக அம்மா பல்லைக் கடிப்பார்.

"என்னப்பா, நீங்கள் ஊர்ச்சனத்துக்கெல்லாம் வழிவிட்டு முடிய அவங்கள் கடையைப் பூட்டிப்போடுவாங்கள்."

கடைசி ஆளாக நின்றால்தான் அப்பாவின் முகம் தெளியும். தங்கமான மனுஷன் என்று அயலவர்கள் சொன்னார்கள். எனக்கோ அது வெறும் விசர்க்குணமாகத்தான் பட்டது.

அவர்மேல் எனக்கு இன்னொரு மனத்தாங்கலும் இருந்தது. மனுஷன் பயப்படவே மாட்டார். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து தொண்டை கிழியக் கத்தினாலும், "நீயோ பிள்ளை" என்று சப்பாத்தைக் கழற்றுவார். நாங்கள் குடியிருந்த ரொம்சோஸ் தொடர்மாடியில், மேல்வீட்டில் இருந்த என் சிநேகிதியின் தகப்பன் அப்படியில்லை. மலைபோல ஒரு நோர்வேக்காரர். பிள்ளைகள் "பே" என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் விழுந்து உருளுவார். அதைப் பார்த்து நான் வயிறெரிந்து போவேன். எனக்கும் ஒருதரம், ஒரேயொருதரம், அப்பா அப்படிப் பயந்து விழவேண்டும். அந்த வயதில் என் வாழ்க்கையின் இலட்சியம் அதுதான்.

ஹாலோவீனுக்கு எங்கள் கட்டடத்தின் நிலவறையில் பேய்வீடு கட்டுவார்கள். எல்லோரும் கூடி முற்றம் கூட்டுகிற டுக்னாட் மாதிரித்தான் இதுவும். சிநேகிதியின் தாய்தான் தலைமை. அந்த வருடம் பிள்ளைகள் ஆளுக்கொரு ஆளளவு உருவம் செய்துகொண்டு வரவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். கடையில் வாங்கிய முகமூடிகளோடு மற்றப் பிள்ளைகளின் பேய்கள் சுலபமாக எழும்பின. நான் அம்மாவிடம் முகமூடி கேட்டேன்.

"காசு குடுத்துப் பேயை வீட்டுக்குள்ளை கூப்பிடுறதோ? அதுவும் செவ்வாய்க்கிழமையிலை!"

எனவே என் பேய் வீட்டுச் சாமான்களிலிருந்து பிறந்தது. அம்மாவின் கிழிந்த காலுறைகளுக்குள் விளம்பரத் தாள்களைக் கசக்கித் திணித்ததில் கால்கள் வந்தன. சிநேகிதியின் தகப்பன் பெயின்ற் அடிக்கும் மேலங்கி உடம்பாயிற்று. நானும் சிநேகிதியும் சேர்ந்து, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறைக்குள் பஞ்சடைத்துக் கைகள் செய்தோம். உடைந்த மேசை விளக்கின் வளையும் தண்டுதான் கழுத்து. அதன் மேல் ஒரு சின்னத் தலையணை. முகத்துக்கு என்ன செய்வது என்று இரண்டுபேரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, குசினிக்குள் மடித்து வைத்திருந்த பாசுமதி அரிசிச் சாக்கு என் கண்ணில் பட்டது. எழுத்திருந்த பக்கத்தை உள்ளே திருப்பித் தலையில் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டினேன். அவ்வளவுதான். சிநேகிதி ஓர் அடி பின்னால் போனாள். கடை முகமூடிகள் எல்லாம் அதற்குக் கிட்ட வரமுடியாது.

கதிரையில் இருத்தி, மேசைக்குப் பின்னால் வைத்தோம். அது தலையை ஆட்டினால் இன்னும் நல்லாயிருக்கும் என்ற யோசனை என்னுடையது. அப்பா மீன் பிடிக்கிற தங்கூசி நூல் கேட்டு அவரிடமே போனேன். ஆச்சரியப்படுத்த வேண்டும் என்பதால் காரணம் சொல்லவில்லை.

"எவ்வளவு பாரம் இழுக்கோணும்?"

"ஒரு தலையணை."

"அப்ப இது காணும்" என்றவர், என்னைப் பக்கத்தில் இருத்தி, அவிழாத முடிச்சு ஒன்றையும் பழக்கிவிட்டார்.

விளையாட்டின் விதியைச் சிநேகிதி போட்டாள். நிலவறை நடைபாதையில் சனம் வரிசையாக வரவேண்டும். மேசைக்கு முன்னால் ஒவ்வொருவராக நிற்க, முகத்தில் டோர்ச் வெளிச்சம் அடிப்போம். சாக்குத் தலையன் சும்மா இருந்தால் வலப்பக்கம் போய்ப் பணிஸும் பழச்சாறும் வாங்கலாம். தலையை ஆட்டினால் கறுப்பு உடுப்புப் போட்ட சிநேகிதி பாய்ந்து பிடித்து இடப்பக்க இருட்டறைக்குள் இழுத்துப் போவாள். அங்கே கண் என்று சொல்லி உரித்த திராட்சைப்பழம் தொடவேண்டும். எங்கிருந்து எங்களுக்கு இந்தப் புத்தி வந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அன்றைக்கு அப்பா வேலை முடிந்து நேரே நிலவறைக்கு வந்தார். நான் மேசைக்குக் கீழே நூலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். மேசைத்துணி இடுக்கால் பார்த்தால் வழக்கம்போல எல்லோருக்கும் வழிவிட்டுவிட்டுக் கடைசியில் நிற்கிறார். ஆனால் அவருடைய முறை வந்த நேரம் சிநேகிதியின் அண்ணன் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடிவந்து அவருக்குப் பின்னால் நின்றுகொண்டான். வளர்ந்த பெடியன், உயரத்துக்குக் குறைவில்லை. அப்பா திரும்பி அவனுக்கு வழிவிட வாயெடுத்தார். அதற்குள் டோர்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்தது.

அவர் சாக்கைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு உள்பையிலிருந்து தன் படம் போட்ட அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் மேசைக்கு மேலே நீட்டினார். சனம் சிரித்தது. அப்பா எவ்வளவு நல்லாக நடிக்கிறார் என்று எனக்கு நெஞ்சு பூரித்துப்போய்விட்டது. நூலை இழுத்தேன். தலை ஆடியது.

சிநேகிதி வயதுபோன மனுஷனை இழுக்கக் கூச்சப்பட்டாளோ என்னவோ, அவரைத் தாண்டிக் கைநீட்டித் தன் அண்ணனைப் பிடித்தாள். அவன் "ஐயோ, என்னைக் காப்பாற்றுங்கள்" என்று நோர்வேஜிய மொழியில் பகிடிக்குக் கத்தினான். அப்பா திரும்பி அவனுடைய ஜாக்கெட்டைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. இவள் இந்தப் பக்கம் இழுக்க, அவர் அந்தப் பக்கம் இழுக்க, முதலில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜாக்கெட் கையின் தையல் கிழியும் சத்தம் கேட்டது. பெடியனின் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. அப்பாவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. யாரோ விளக்கைப் போட்டார்கள். சிநேகிதியின் தகப்பன் வந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். அப்பா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். மேசையைப் பார்த்தும் கேட்டார்.

அம்மா கேள்விப்பட்டுக் கீழே வந்து என் பேயைப் பார்த்தார். சாக்கை உருவி எடுத்து, குப்பைத்தொட்டிவரை நெஞ்சோடு மறைத்துக்கொண்டு போனார்.

இதற்குக் காரணத்தை அம்மா எனக்குச் சொன்னது நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு. எங்கள் வரவேற்பறையில் சித்தப்பாவின் படம் மாலையில்லாமல் தொங்குவதைப் பிறந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். காணாமல் போனவர் என்று மட்டும் தெரியும். யுத்தகாலத்தில் ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தால் ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக விடுவார்களாம். முன்னால், ஆட்களைக் காட்டிக்கொடுக்க ஒருவனைத் தலையில் சாக்குப் போட்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வைத்து இருத்தியிருப்பார்களாம். தலையாட்டி என்று அவனுக்குப் பெயர். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அந்த ஆள் இடப்பக்கம் நின்ற ட்ரக்கில் ஏறவேண்டும். அப்பா அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். சித்தப்பா அவருக்கு நேர் பின்னால். தலை ஆடியிருக்கிறது. ஆமிக்காரன் அப்பாவின் தோளுக்கு மேலால் கைநீட்டிச் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்திருக்கிறான். தலையாட்டி ஆட்டியது தனக்கா தம்பிக்கா என்று அப்பாவுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. வாய்திறக்காமல் வலப்பக்கம் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

பேய்வீடு நடந்த அன்று பின்னேரம் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. அப்பா குளிர்ஜாக்கெட்டைக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தார். நான் மெல்லப் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையை எடுத்து, நூல் அறுத்திருந்த சிவப்புக் கோட்டைத் தடவினார்.

"நீயோ பிள்ளை நூலை இழுத்தது?"

"ஓம் அப்பா."

"அது ஆருக்கு ஆட்டினது? எனக்கோ, இல்லாட்டிப் பின்னுக்கு நிண்ட பெடியனுக்கோ?"

எனக்குக் கவலையாகப் போய்விட்டது. இவ்வளவு பாடுபட்டு அவருக்காகச் செய்த வேலையை வேறு யாருக்கோ செய்ததாக நினைத்துவிட்டாரே. அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"உங்களுக்குத்தான் அப்பா! வடிவாப் பாத்துத்தான் இழுத்தனான். அவள்தான் ஆள் மாறிப் பிடிச்சவள்."

அப்பா என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"ஓம்" என்றார். "நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

அவருடைய உடம்பு நடுங்குவது என் கைகளுக்குத் தெரிந்தது. கடைசியில் அப்பாவைப் பயப்படுத்திவிட்டேன் என்ற சந்தோஷத்தோடு நான் படுக்கப் போனேன்.