கரகரப்புக்கு விழுந்த கைதட்டல்

திருப்பாலைக்குடியில், தை மாதம், செத்த மகனை மடியில் போட்டு மேடையில் அழுதுகொண்டிருந்தபோதுதான் என் குரல் முதல்முறை உடைந்தது. வாய் திறந்தால் வெறும் காற்று. போச்சு, கல்லெறியப்போகிறார்கள் என்று நினைத்தேன். முன்வரிசைப் பெண்களோ மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். இருபத்திரண்டு வருடமாகத் தாய் வேஷம் போடுகிறேன். அப்படி ஒரு கைதட்டல் அதுவரை வாங்கியதில்லை.

எங்களுக்கு ஊர் ஊராக நாடகம் பிடித்துத் தரும் ஏஜெண்ட் பரமசிவம் என் தலையில் கைவைத்தார். "தாயி, இந்தக் கரகரப்புலதான் சோகமே இருக்கு. மருந்து கிருந்து குடிச்சுக் கெடுத்துப்புடாத."

நானும் பல்லைக் காட்டினேன். அன்றைய என்னை இன்று கண்டால் நாலு அறை விடுவேன்.

பங்குனி வந்தும் கரகரப்பு போகவில்லை. எச்சில் விழுங்கினால் காதுவரை வலித்தது. ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர் பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார். முடிவைச் சொல்ல போன் நம்பர் கேட்டார்கள். நான் ஏஜெண்ட் நம்பரைக் கொடுத்தேன். நாடகக்காரிக்கு எந்தச் சேதியும் ஏஜெண்ட் வழியாகத்தான் வரும், அப்படியே பழகிவிட்டது. இதைப் படிக்கிறவர்களே, கெஞ்சிக் கேட்கிறேன், உங்கள் நம்பரைக் கொடுங்கள்.

"ரிப்போர்ட் என்னாச்சுண்ணே?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லையாம் தாயி. சும்மா சளிதானாம்."

நம்பினேன். ஆடி முடியும்வரை ஊர் ஊராகப் போய் அழுதேன். ஊரும் கூட அழுதது. என் புற்றுநோயைத்தான் அத்தனை சனமும் உருகி உருகிக் கேட்டிருக்கிறது.

ஆவணியில் மூச்சு முட்டியது. தங்கச்சி செல்வி மதுரைக்கு இழுத்துப்போனாள். அங்கிருந்த டாக்டரம்மா ராமநாதபுரத்துக்குப் பேசிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மூணு தடவ போன்ல சொல்லியிருக்காங்களேம்மா! அப்பவே வந்திருந்தா கரண்ட் வச்சே (கதிர்வீச்சுச் சிகிச்சை) குரலக் காப்பாத்தியிருக்கலாமே."

குரல்வளையை முழுதாக எடுத்தார்கள். கழுத்தில் ஸ்டோமா (மூச்சு விடுவதற்கான நிரந்தரத் துளை) வைத்தார்கள்.

பரமசிவம் ஆப்பிளோடு பார்க்க வந்தார். "ஏண்ணே மறைச்சீக?" என்று செல்வி வராண்டாவிலேயே மறித்தாள். "எல்லாம் விதிம்மா" என்று கண்ணைத் துடைத்தார்.

உள்ளே கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நாடகத்தில் ராஜா தெரியாமல் தப்புச் செய்வான், பிள்ளை சாகும், யாரையும் நோவதற்கில்லை. அங்கே விதி என்று சொன்னால் சரி, உட்கார்ந்து அழலாம். இங்கே ஒருத்தன் போனை எடுத்தான், கேட்டான், வைத்தான். மூன்று தடவை! இதற்கும் விதி என்று பேர் வைத்தால் அவன் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பான். விடுவேனா?

மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் நடுவில் ஒரு குட்டி வால்வு பொருத்தினார்கள். துளையை விரலால் அடைத்தால் பேச்சு வரும். என்னைப்போல் வால்வு வைத்த மற்றவர்கள் பிள்ளைகள் பேரைச் சொல்லிப் பழகினார்கள். நான் அடுத்த எட்டு மாதமும் ஒரே பேச்சைத்தான் பழகினேன்.

அபிராமத்துக் கல்யாண மண்டபத்தில், ஒரு காலை, நாடகக்காரர்கள் கூடிப் பரமசிவத்துக்குப் பாராட்டு நடத்தினார்கள். பொன்னாடை போர்த்த அவரே என்னைக் கூப்பிட்டார். "நீ வந்து நின்னாப் போதும் தாயி, சனம் உருகிப்போகும்."

போனேன். பொன்னாடையை மேசையிலேயே விட்டுவிட்டு மைக்கைப் பிடித்தேன். துளையை அடைத்தேன்.

"புத்துன்னு ஆஸ்பத்திரி மூணு தடவ சொல்லுச்சு. இந்தாளு மறைச்சுட்டாரு."

மண்டபமே அழுதது. பரமசிவமும் துண்டால் முகத்தை மூடி அழுதார். அட பாவி, இதையும் சோகக் காட்சியாக்கப் பார்க்கிறானே! மறுபடி விரலை வைத்தேன்.

"அழாதீக. அவனக் கேளுங்க."

எங்கள் ஆர்மோனியக்காரர்தான் முதலில் எழுந்தார். "ஏலே பரமசிவம், நெசமா?"

துண்டு இறங்கவில்லை.

"வாயத் தொறந்து சொல்லுடா!"

"சீசன் கெட்டுப்போயிருமேன்னு..." என்றார் பரமசிவம். மண்டபத்தில் அழுகை நின்றது. ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள்.

அரைமணி நேரம் ஒப்பாரி வைத்தவள் நான். இப்போது ஒரு மூச்சுக்கு ஏழெட்டு வார்த்தைதான் தாங்கும். தண்ணீர் கொண்டா என்பதற்குக்கூட மூச்சை இழுத்து, விரலைத் தூக்கி, சொல்லத்தான் வேண்டுமா என்று யோசிக்கிறேன். நாள் மெதுவாக நகர்கிறது.

போன வாரம் பரமசிவம் வீட்டுக்கே வந்து வாசலில் நின்றார். "மன்னிச்சேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு தாயி."

மூச்சு நிறைய இருந்தது. விரலை வைக்கவில்லை.