பதினொரு நிமிட மாவட்டம்

மச்சானின் வலது சப்பாத்து எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. இடது சப்பாத்து இந்தப் பக்கம். வாயில் சிகரெட். சட்டையைக் காற்சட்டைக்குள் செருகி, தலையை ஒருமுறை சீவிவிட்டுத்தான் காரை விட்டு இறங்குவான், ஏதோ கொடியேற்ற வந்தவன்போல. தெருவோரத்தில் எங்கள் மஞ்சள் கார் எஞ்சின் நிறுத்தப்படாமல் உறுமிக்கொண்டிருக்கும். சிகரெட் முடியும்வரை அப்படியே நிற்பான். முடிந்ததும் வலது காலை இந்தப் பக்கம் எடுப்பான், காரில் ஏறுவான், நான் வண்டியைத் திருப்புவேன். எங்களுடைய ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலா அவ்வளவுதான்.

இது நடந்து முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகிறது. ஜேர்மனியில் ஒரு சிறிய நகரத்தில் அவனும் நானும் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். விண்ணப்பித்தவர்கள் தங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். போவதென்றால் கந்தோரில் கேட்டு, ஏன், எங்கே, எப்போது திரும்பி வருவாய் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லி, ஓர் அனுமதித் துண்டு வாங்க வேண்டும். பகலில் உணவகத்தில் கோப்பை கழுவினோம். மிச்ச நேரத்தில் எங்களைப் பற்றி யாராவது ஏதாவது முடிவெடுப்பார்கள் என்று காத்திருந்தோம். அவனுடைய தங்கையை நான் கட்டியது பிற்காலத்தில். அதற்கு முன்பே அவனை மச்சான் என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் நண்பனை அப்படிக் கூப்பிடுவது வழக்கம். விளையாட்டாகக் கூப்பிட்டது வினையாகிவிட்டது என்று என் மனைவி இப்போதும் சொல்வாள்.

அந்த நகரத்துக்கு அருகே அமெரிக்கப் படைமுகாம் ஒன்று இருந்தது. உணவகத்துக்குச் சாப்பிட வரும் சிப்பாய் ஒருவன் நாடு திரும்புவதால் தன் காரை விற்கப்போவதாகச் சொன்னான். நாங்கள் வாங்க நினைத்திருந்தது ஒரு சிறிய வெள்ளைக் கார். நாலு பேர் ஏறினால் மேட்டில் மூச்சு வாங்குமே, அந்த வகை. சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் போனோம். இரண்டே கதவுகள். எட்டு சிலிண்டர். முன்மூடி அவ்வளவு நீளம்; கார் சந்தியைக் கடந்து சிறிது நேரம் கழித்துத்தான் உள்ளே இருப்பவர்கள் கடப்பார்கள். சிப்பாய் திறப்பைத் திருகினான். நெஞ்செலும்பு அதிர்ந்தது. என் மண்டைக்குள் மூளை இருந்த இடத்தில் எட்டு சிலிண்டரும் ஏறி உட்கார்ந்துகொண்டன. மச்சான் என்னைவிட நிதானமானவன் என்று நம்பி அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். பழங்களைச் சில்லுக்கடியில் வைத்தபோது, வண்டியில் ஒரு குறையும் இல்லை, இதெல்லாம் தேவையில்லை என்று அந்தச் சிப்பாய் தன் தாய்மேல் சத்தியம் செய்தான்.

எஞ்சினைப் பார்த்தோம், ரயரைப் பார்த்தோம், துருப் பிடித்திருக்கிறதா என்று படுத்துக் கிடந்து பார்த்தோம். வரைபடத்தை மட்டும் பார்க்கவில்லை. பேருந்திலும் சைக்கிளிலும் போனபோது எங்கள் மாவட்டம் ஒரு தேசம்போல இருந்தது. முதல் ஞாயிறு காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பதினொரு நிமிடத்தில் எல்லைப் பலகை வந்துவிட்டது. திரும்பி எதிர்த்திசையில் ஓடினோம். அங்கேயும் ஒரு பலகை. முந்நூறு குதிரைகளை வாங்கிக் கோழிக்கூட்டில் கட்டியிருந்தோம். எங்களை எவ்வளவு சின்ன இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அந்தக் காரில் ஏறும்வரை எங்களுக்குத் தெரியவில்லை. நான் சிரித்தேன். எனக்கு எது வந்தாலும் முதலில் சிரிப்புத்தான் வரும், பிறகுதான் விசாரிப்பேன். மச்சான் சிரிக்கவில்லை. தலையைச் சீவினான், இறங்கினான், வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான்.

ஒரு நாள் பொலிஸ் வாகனம் வந்து நின்றது. வயதான பொலிஸ்காரர். துண்டு இருக்கிறதா என்று கேட்டார். மச்சான் தனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில், தான் இங்கேதான் நிற்பதாகவும் கால் மட்டும்தான் வெளியே போயிருப்பதாகவும் விளக்கினான். பொலிஸ்காரர் காலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மஞ்சள் காரைப் பார்த்தார், காலை உள்ளே எடுக்கச் சொன்னார். மச்சான் சிகரெட்டைக் காட்டினான். இன்னும் பாதி இருந்தது. அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு அது முடியும்வரை காத்திருந்தார் என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். நான் அங்கே இருந்தேன். காருக்குள் ஒளிந்துகொண்டிருந்தேன் என்பது சரியான வசனம்.

எங்களுக்கு அகதிப் பத்திரம் கிடைக்க ஆறு வருடமானது. அன்று பின்னேரம் அதே தெருவால் ஓடினோம். பலகை தெரிந்ததும் வழக்கம்போல என் கால் பிரேக்குக்குப் போனது. “நிப்பாட்டாதை மச்சான்” என்றான். நிறுத்தவில்லை. பெற்றோல் முடிகிற கட்டத்தில் ஏதோ ஓர் ஊரில் போய் நின்றோம். பெயர் நினைவில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை; ஒரு பெற்றோல் நிலையம், ஒரு மூடிய தபாற்கந்தோர். நின்ற நிலையில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கிச் சாப்பிட்டோம். அவ்வளவு அழகான ஊரை நான் பிறகு காணவில்லை.

ஜேர்மன் கடவுச்சீட்டு வந்த பிறகு, எங்கள் ஆட்களில் பலரைப்போல நாங்களும் லண்டனுக்கு வந்தோம். காரும் கப்பலேறி வந்தது. கிங்ஸ்பரியில் வீடு. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்ததால் இந்த நாட்டில் அதை ஓட்ட இரண்டு பேர் வேண்டும். முன்னால் போகும் பேருந்தை முந்துவதென்றால், எதிரே என்ன வருகிறது என்பது வலப்பக்கம் இருப்பவனுக்குத்தான் தெரியும். ஆகவே நான் ஓட்டினேன், மச்சான் பார்த்தான். இருபது வருடத்துக்கு மேல் அப்படி. மனைவியும் மகளும் சாமான் பைகளும் பின்னால். தெருவில் போகிறவர்கள் மச்சான்தான் சாரதி என்று நினைத்து அவனுக்குக் கையசைப்பார்கள். அவனும் சங்கோசமில்லாமல் திருப்பி அசைப்பான். கலியாணம், சாமத்தியச் சடங்கு என்று தமிழ்ச்சனம் காரை இரவல் கேட்டு வரும். பெண் பிள்ளையோடு நாங்கள் இருவரும் கோட்டுப் போட்டுக்கொண்டு மண்டப வாசலில் இறங்குவோம். வீடியோக்காரர்கள் முதலில் எங்களை விலகச் சொல்வார்கள்.

லண்டனில் பழைய வண்டிகளுக்குப் புகைக் கட்டணம் வந்தபோது அக்கம்பக்கம் சந்தோசப்பட்டது. நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு அந்தக் கட்டணம் கிடையாது என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. என் மருமகனின் பத்து வயதான டீசல் கார் காசு கட்டியது. பக்கத்தில் எங்கள் கிழம் தெரு முழுக்கப் புகை விட்டுக்கொண்டு இலவசமாகப் போனது. மச்சான் கண்ணாடியை இறக்கி மருமகனுக்கும் கையசைத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவன் இருதய நோயில் போய்ச் சேர்ந்தான். கலியாணம் கட்டாதவன்; எங்கள் வீட்டு மேல் அறையிலேயே இருந்தவன். அவன் போனபின் காரைக் கராஜை விட்டு எடுப்பது குறைந்தது. பிறகு சர்க்கரை கூடிச் சலரோகம் என் கண்ணுக்கு ஏறியது. ஒருநாள் காலை பக்கத்து வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்லி, மழை வரும்போல இருக்கிறது என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தேன். அது பச்சைக் குப்பைத்தொட்டி என்று மனைவி உள்ளே வந்ததும் சொன்னாள். கண் வைத்தியர் இனி ஓட்டக் கூடாது என்றார். வெம்பிளிவரைக்குமாவது என்று கேட்டேன். கேற்வரைக்கும் கூடாது என்றார். லைசென்ஸை நானே தபாலில் அனுப்பினேன். அது ஒன்றுதான் நான் வாழ்க்கையில் சட்டத்துக்கு முந்திக்கொண்டு செய்த காரியம்.

விற்பது என்று ஆனது. ஓடாத காரைக் கராஜில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்க நான் என்ன காவற்காரனா? ஆனால் யாருக்கு என்பதில்தான் சிக்கல் வந்தது.

முதலில் வந்தவர் எங்கள் ஊர்ப்பக்கத்து வர்த்தகர். சவுத்தால் பக்கம் கட்டடம் ஒன்றில் பதினொரு பழைய கார் வைத்திருக்கிறார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு காரைத் தடவினார். நான் கேட்க நினைத்ததைவிடக் கூடவே தருவதாகச் சொன்னார்.

“அண்ணை, பிள்ளை மாதிரிப் பாப்பன். கண்ணாடி அறைக்குள்ள நிக்கும். ஈரம் படாது, வெக்கை படாது.”

“ஓடுவியளோ?” என்று கேட்டேன்.

“ஓடுறதோ? ஓடினால் மதிப்பு இறங்கிவிடுமெல்லோ. நான் ஒண்டையும் வெளியில எடுக்கிறேல்லை.”

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். கார் உங்களுக்கு இல்லை என்றேன். வாசலில் நின்று மூன்று தரம் திரும்பிப் பார்த்தார்; ஆள் பகிடி விடுகிறான் என்று நினைத்திருப்பார். என் முகத்துக்கு எப்போதும் அந்தத் தொல்லை உண்டு.

மகள் தொலைபேசியில் எனக்கு விசர் என்றாள். அது பழைய செய்தி. மனைவி சொன்னதுதான் குத்தியது. பத்திரத்தில் என் பெயர் இருந்தாலும் காரில் பாதி அவளுடைய அண்ணனுடையது. அவன் இல்லாதபோது அந்தப் பாதி அவளுடையது.

“என்ர அண்ணையின்ர பாதி அந்தக் கண்ணாடி அறைக்குள்ள நிக்கட்டும். மழையில்லை, வெய்யிலில்லை, ஒருத்தரும் இடிக்கமாட்டினம். உங்கட பாதியை வேணுமெண்டால் வெட்டி எடுங்கோ.”

அவளுக்கு அது பாதுகாப்பு. அண்ணனை ஆஸ்பத்திரியில் காப்பாற்ற முடியவில்லை, காரையாவது காப்பாற்றலாம் என்பது அவள் கணக்கு. நான் வாய்விட்டுச் சொல்லாத என் கணக்கு வேறு. ஆறு வருடம் எங்களையும் பாதுகாப்பாகத்தான் வைத்திருந்தார்கள். மழை படாத கட்டடம், நேரத்துக்குச் சாப்பாடு. இந்தக் காரை நான் அப்படி ஒரு இடத்துக்கு என் கையால் அனுப்பமாட்டேன். அவன் காலை உள்ளே எடுக்கச் சொன்னவர்கள் வரிசையில் நான் நிற்கமாட்டேன். இரண்டு வாரம் வீட்டில் பேச்சு இல்லை. சோறு மட்டும் மேசைக்குச் சத்தமாக வந்தது.

அடுத்து வந்தவள் குரோய்டனில் ட்ராம் ஓட்டும் தமிழ்ப் பெண். முப்பது வயது இருக்கும். அங்கேயே பிறந்தவள். வர்த்தகர் சொன்னதைவிட நன்றாகக் குறைத்தே சொன்னாள், வெட்கப்படாமல். எதற்கு இந்தக் கார் என்று கேட்டேன். அரை ஆங்கிலத்திலும் அரைத் தமிழிலும் சொன்னாள்: “அங்கிள், நாள் முழுக்கத் தண்டவாளத்துக்கு மேலதான் ஓடுறன். நான் திருப்பினாலும் அது திரும்பாது. வேலை முடிஞ்சால் எங்கயாவது போகோணும். எங்க எண்டு தெரியாமல் போகோணும்.”

எனக்கு உடனே கையெழுத்துப் போட வேண்டும்போல இருந்தது. ஆனால் பாதிக்காரி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஓட்டிப் பார்க்கட்டும் என்றேன். வலப்பக்கம் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். என் கண்ணை நம்பி ஏறினால் குப்பைத்தொட்டிக்கெல்லாம் வழி விடுவோம். மனைவியைப் பார்த்தேன். அவள் செருப்பை மாற்றினாள். இத்தனை வருடத்தில் முன்சீற்றில் ஒருநாளும் உட்காராதவள், போய் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். தெருமுனையில் கார் திரும்பும்போது அந்தச் சத்தம் ஒருமுறை வீட்டுக் கண்ணாடிகளை உலுக்கியது.

இருபது நிமிடத்தில் வந்துவிடுவார்கள் என்று வாசலில் நின்றேன். ஒரு மணித்தியாலம் ஆனது. மனைவியின் கைத்தொலைபேசி குசினியில் கிடந்து அடித்தது, அடித்தது நான்தான். இரண்டு மணித்தியாலம் ஆனது. ஒரு நாளில் காரையும் மனைவியையும் பறிகொடுத்த முதல் ஆள் நான்தான் என்று பொலிசுக்கு எப்படிச் சொல்வது என யோசித்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது.

மனைவி இறங்கினாள். கொண்டை அவிழ்ந்து தலைமயிர் முகமெல்லாம் கிடந்தது. கண் சிவந்திருந்தது, காற்று என்றாள்.

“எங்கயப்பா போனனீங்கள்?”

“தெரியாது. பிள்ளை என்னட்டைக் கேட்டுது, எதுவரைக்கும் போறதெண்டு. போ எண்டனான்.” அவிழ்ந்த கொண்டையை முடிந்தாள். “இவளுக்குக் குடுங்கோ. இரண்டு பாதியையும்.”

கொடுத்தோம். கார் போகும்போது நான் அழவில்லை; அழுதேன் என்று மகள் சொல்லித் திரிவது பொய். இந்த வயதில் கண்ணில் சும்மாவே நீர் வரும், வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள். கராஜில் இப்போது மருமகனின் காரை நிறுத்த இடம் இருக்கிறது. அவர் நிறுத்திவிட்டுப் புகைக் கட்டணத்தைப் பற்றி முறையிடுகிறார்.

ஒரு கிழமை கழித்து சவுத்தால் வர்த்தகர் தொலைபேசியில் அழைத்தார். மனைவிதான் எடுத்து, எனக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தாள். இன்னும் கூடத் தருகிறாராம், தன் ஆட்களை அனுப்பி ஏற்றிக்கொண்டு போகிறாராம்.

“தம்பி, கார் வெளியில போயிட்டுது” என்றாள்.

“அப்பிடியே அக்கா? எங்க போனது? எப்ப திரும்பி வரும்?”

“அதை இனி ஒருத்தரும் கேக்க ஏலாது” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.