மூன்றாவது வாக்கியம்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால் பதினாறு நாளுக்குள் போய்த் துக்கம் விசாரித்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால், "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். என் சொந்தத் தம்பி இறந்ததற்கு அவன் மனைவியிடம் நான் துக்கம் விசாரிக்கப் பத்து மாதம் ஆயிற்று. அவளுக்குத் தாய்லாந்து மொழி தவிர வேறொன்றும் தெரியாது. எனக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது.

தம்பி அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தவன். அங்கிருந்து பாங்காக் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போனான். அங்கேயே ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். பதினான்கு வருடமாக அவளும் நானும் பேசிக்கொண்டதெல்லாம் அவன் வாய் வழியாகத்தான். வீடியோவில் அவள் கைகூப்பிச் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். "அக்கா, உனக்கு முட்டிவலி எப்படி இருக்குன்னு கேக்குறா" என்பான். "பரவாயில்லைன்னு சொல்லுடா" என்பேன். என் ஒரு வார்த்தைக்கு அவன் நாலு வரி பேசுவான். என்ன சேர்த்துச் சொன்னான் என்று நான் கேட்டதே இல்லை.

மூளையில் ரத்தம் கசிந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. அவனோடு வேலை பார்த்த ஒரு தமிழர்தான் செய்தி சொன்னார், தகனத்தைப் போனில் காட்டினார். அஸ்தியை அவள் வீட்டிலேயே வைத்திருக்கிறாள் என்றும் சொன்னார். அடுத்த மாதமே வேறு நாட்டுக்கு வேலை மாறிப் போய்விட்டார்.

அப்பா, அம்மா இருவர் அஸ்தியையும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில்தான் கரைத்தோம். இரண்டு தடவையும் கலயத்தைப் பிடித்தவன் தம்பி. அவனுடையதிலும் ஒரு கைப்பிடி அங்கே வந்து சேர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசையில்லை. ஐம்பத்தெட்டு வயதாகிறது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனை வளர்த்ததுதான் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம்.

தில்லை நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பில் உட்காருகிறேன். "போன்லயே மொழிபெயர்க்கிற ஆப் இருக்கே மேடம்" என்றாள் கூட வேலை பார்க்கும் பெண். இருக்கிறது. 'உங்கள் கணவர் மறைவுக்கு வருந்துகிறோம்' என்று ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புக் குரலில் அது சொல்ல, நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்ட வேண்டுமாக்கும். துக்கத்தைச் சொந்த வாயால் கேட்க வேண்டும். அதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பிடிவாதம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குத்தான் வருகிறேன்.

முதலில் புத்தூரில் மொழி வகுப்பு நடத்துகிறவரைப் போய்ப் பார்த்தேன். "ஜெர்மன் இருக்கு, ஜப்பானிஸ் இருக்கு. இத கத்துக்க இதுவரைக்கும் யாரும் வரலைங்க. எந்தக் கம்பெனி வேலைக்குப் போறீங்க?" என்றார். வேலைக்கு இல்லை என்றதும் அவருக்குச் சுவாரஸ்யம் போய்விட்டது. பழைய புத்தகக் கடையில், சுற்றுலாப் பயணிகளுக்காக ஆங்கிலத்தில் போட்ட சின்னப் புத்தகம் ஒன்று கிடைத்தது. 'இந்த அறையில் ஏசி ஓடவில்லை', 'காரம் குறைவாகப் போடுங்கள்', 'விலை அதிகம்.' ஊர் சுற்ற வருகிறவர்கள் வீட்டில் யாரும் சாவதில்லை போலிருக்கிறது.

பிறகு போனில் ஒரு ஆப். அது நான்கு மாதம் என்னைப் பூனையையும் மீனையும் விட்டு நகரவிடவில்லை. பூனை மீன் தின்கிறது. மீன் பெரியது. பூனை மீண்டும் மீன் தின்கிறது. ஒரு நாள் திறக்காவிட்டால் அழுகிற பொம்மை முகம் ஒன்றைக் காட்டும். யாருக்காக யார் அழுவது என்று எரிச்சலாக வரும்.

உருப்படியாகக் கிடைத்தது ஒரு வீடியோ வரிசை. அந்த ஊர்ப் பெண் ஒருத்தி நிதானமான ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தாள். முதலில் எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றாள். மெய்யெழுத்து மட்டும் நாற்பத்து நான்கு. பார்த்ததுமே கும்பிடு போட்டுவிட்டேன். கேட்பதை நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டு, குரல் ஏறும் இடத்தில் மேலே ஒரு அம்பு, இறங்கும் இடத்தில் கீழே ஒரு அம்பு போட்டேன். ஒரே சொல்லை ஐந்து விதமாக இழுக்கிறார்கள். இழுப்பு மாறினால் சொல்லே வேறு.

இரண்டாம் பாடத்தில், 'எனக்குப் புரியவில்லை', 'மெதுவாகச் சொல்லுங்கள்', 'இன்னொரு தடவை சொல்லுங்கள்' என்று மூன்று வாக்கியம். இந்த மூன்றும் வராமல் யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள் என்று விரலை ஆட்டிச் சொன்னாள். நான் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போனேன். கற்க உட்காரும்போதே 'புரியவில்லை' என்று மனப்பாடம் செய்வது அபசகுனமாகப் பட்டது. துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "திரும்பச் சொல்லும்மா" என்று கேட்பாளா ஒருத்தி?

அந்தப் பெண்ணுக்கே ஆங்கிலத்தில் என் கதையை எழுதி, எனக்கு வேண்டியதைக் கேட்டேன். இரக்கப்பட்டு மூன்று வாக்கியங்களைத் தன் குரலில் பதிந்து அனுப்பினாள். ஒன்று, நான் அவனுடைய அக்கா. இரண்டு, உன்னோடு சேர்ந்து நானும் அழுகிறேன். மூன்று, அவன் அஸ்தியில் ஒரு கைப்பிடி கொடு, எங்கள் ஆற்றில் கரைக்க வேண்டும். அஸ்திக்கு அவர்கள் சொல்லும் சொல்லும் நம்முடையதைப் போலத்தான், 'அத்தி' என்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது தம்பியே சொன்ன மாதிரி இருந்தது. நன்றாக அழுதேன்.

எங்கள் தெருவில் மாடிவீட்டில் தினமும் காலையில் சந்தை சொல்வார்கள். பாசுரம் கற்கிற முறை அது. சொல்லித் தருகிறவர் ஒரு தடவை சொன்னால் கற்கிறவர்கள் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். அர்த்தம் பிறகு, முதலில் ஓசை நாக்கில் ஏற வேண்டும். நான் அந்த வீட்டுக்காரி இல்லை. ஆனாலும் முப்பது வருடம் காதில் விழுந்தே பாதிப் பாசுரம் எனக்கு வரும். இதையும் அப்படியே செய்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் காவிரிப் பாலம் தாண்டிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரும்வரை, ஒரு தடவை கேட்பேன், இரண்டு தடவை சொல்வேன். "என்ன ஸ்லோகங்க அது?" என்றார் பக்கத்து சீட்டு அம்மாள். "தாய்லாந்து ஸ்லோகங்க" என்றேன். எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்று வாக்கியமும் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சுருதி பிசகாமல் வந்தன. பதிவு செய்து அனுப்பினேன். அந்த ஊர்க்காரி பேசுவது போலவே இருக்கிறது என்று வீடியோப் பெண் எழுதினாள். அதுதான் வினையாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, தம்பி படத்துக்குப் பூ வைத்து, அவளைக் கூப்பிட்டேன். அவள் எப்போதும் போலக் கைகூப்பினாள். முதல் வாக்கியத்தைச் சொன்னேன். அவள் கை அப்படியே நின்றது. இரண்டாவதைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள்; பிறகு உடைந்துபோய்ப் பேச ஆரம்பித்தாள்.

நாற்பது நிமிடம் பேசினாள். பத்து மாதம் அடைத்து வைத்திருந்ததை, தன் பாஷை தெரிந்த நாத்தனார் ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று நம்பிக் கொட்டினாள். 'அவன்' என்ற சொல் எனக்குப் பிடிபட்டது. 'ஆஸ்பத்திரி' இரண்டு தடவை வந்தது. மற்றதெல்லாம் ஓசைதான். ஒரு இடத்தில் தன் உள்ளங்கையைக் காட்டி ஏதோ சொன்னாள். அவன் அதைப் பிடித்திருந்தான் என்றா, விட்டுவிட்டான் என்றா, தெரியாது.

துக்கம் சொல்கிறவர் வாயை நடுவில் அடைக்கக் கூடாது. உம் கொட்ட வேண்டும். எங்களுக்கு இதை யாரும் கற்றுத் தருவதில்லை, பிறந்ததிலிருந்து பார்த்து வருவது. அவர்கள் பாஷையில் பெண்கள் மரியாதையாக 'ஆமாம்' சொல்ல 'க்கா' என்கிறார்கள். நான் க்கா, க்கா என்று கொட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக ஏதோ கேட்டாள். அதில் 'அத்தி' என்ற சொல் வந்தது. எனக்குத் தெரிந்த சொல்! நான் கேட்கும் முன்பே அவளே அஸ்தியைப் பற்றிப் பேசுகிறாள். சந்தோஷத்தில் இரண்டு கையையும் கூப்பி "க்கா" என்றேன். இன்னொரு தடவை கேட்டாள். இன்னும் பலமாக "க்கா" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. தரையில் நெற்றி பட வணங்கினாள். இன்றைக்கு அழுது தீர்க்கட்டும், மூன்றாவது வாக்கியத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று போனை வைத்தேன். வெகுநாள் கழித்து அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை, வேலையில் இருக்கும்போது படங்கள் வந்தன. ஒரு படகு. வெள்ளைத் துணி மூட்டை. பூ. அவளும் வெள்ளை உடுத்தி, படகு விளிம்பில் குனிந்திருந்தாள். சுற்றிலும் கடல். கீழே அவர்கள் எழுத்தில் நாலு வரி. வேண்டாம் என்று பத்து மாதம் ஒதுக்கி வைத்திருந்த மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்தேன். 'அக்கா சம்மதித்தபடி இன்று காலை அவரைக் கடலில் விட்டோம். மூத்தவர் நீங்கள் சொல்லாமல் செய்யக் கூடாது என்று இவ்வளவு நாள் வைத்திருந்தேன். இப்போது மனம் அமைதியாக இருக்கிறது. நன்றி.'

"மேடம், என்ன ஆச்சு?" என்றாள் கூட வேலை பார்க்கும் பெண். நான் அடுத்த ஆளின் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் செய்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் அவள் தாங்கமாட்டாள். சொல்ல எனக்குப் பாஷையும் கிடையாது. அஸ்தி போனதுகூட ஒரு பக்கம். அவன் அந்தப் பதினோரு நாளில் கண் திறந்தானா, வலித்ததா, என்னைக் கேட்டானா, எல்லாவற்றையும் அவள் எனக்குச் சொல்லிவிட்டாள். எல்லாம் என் காதில் விழுந்தது. இன்னொரு தடவை சொல் என்று இனி எந்த முகத்தோடு கேட்பேன்?

வீடியோப் பாடங்களை நிறுத்திவிட்டேன். இரண்டாம் பாடத்தை மட்டும் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். 'எனக்குப் புரியவில்லை' என்பது மூன்றே அசை, ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது.

பஸ் பாலத்தில் ஏறும்போது மூன்றாவது வாக்கியம் தானாக வாய்க்கு வருகிறது. ஒரு கைப்பிடி கொடு, எங்கள் ஆற்றில் கரைக்க வேண்டும். சுருதி பிசகாமல் இரண்டு தடவை சொல்கிறேன். கொடுக்க அவளிடம் இப்போது ஒன்றும் இல்லை.